மெரினாவில் சேர்ந்த மணல் யாருடையது?

வணக்கம் நேயர்களே.

மெரினா ஒரு காலத்தில் இவ்வளவு அகலமாக இருந்ததில்லை. 1876-ல் சென்னைத் துறைமுக வேலை தொடங்கி, அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்ட பிறகுதான் அவற்றின் தெற்கே மணல் குவியத் தொடங்கியது. அதே சுவர்களின் வடக்கே, ராயபுரம் முதல் எண்ணூர் வரை, கரை தேயத் தொடங்கியது.

நம் கரையோரமாக மணல் ஆறுபோல ஓடுகிறது. சாய்வாக வரும் அலை மணலைக் கிளப்ப, கரையோர நீரோட்டம் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் மீனவர்கள் அதைத் தெண்டி என்பார்கள்; வடக்கிலிருந்து தெற்கே வந்தால் வன்னி. தென்மேற்குப் பருவத்தில் தெண்டியும் வடகிழக்குப் பருவத்தில் வன்னியும் ஓங்கும். ஆண்டு முழுக்கக் கூட்டிக் கழித்தால் வடக்கே போகும் மணல்தான் அதிகம். அதன் குறுக்கே துறைமுகம் நிற்கிறது. வடசென்னைக் கரைக்கு மணல் வரவு குறைந்தது, செலவு குறையவில்லை.

அரிக்கும் இடத்தில் நாம் முதலில் செய்வது கல் கொட்டுவது. எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிக் கிடக்கும் கருங்கற்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அவசரத்துக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதை மறுக்க முடியாது. ஆனால் கல்சுவர் சாலையைக் காக்கும், மணற்கரையைக் காக்காது. சுவரில் மோதித் திரும்பும் அலை அடிவாரத்து மணலைத் தோண்டுகிறது. அடி ஆழமாக ஆக, இன்னும் பெரிய அலை சுவர் வரைக்கும் வருகிறது. மேலே இரண்டு அடுக்குப் பெரிய கல், அதன் கீழே அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எடையுள்ள கல், உள்ளே சிறு கற்கள், எல்லாவற்றுக்கும் அடியில் மணலைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டித் துணி: இதுதான் முறை. துணியை விட்டுவிட்டால் கல்லிடுக்கு வழியாக மணல் உறிஞ்சப்பட்டு, சுவர் இருந்த இடத்திலேயே அமிழ்ந்துபோகும். கல்லின் எடையிலும் கஞ்சத்தனம் கூடாது. அலையின் உயரம் இரண்டு மடங்கானால், தேவைப்படும் கல்லின் எடை எட்டு மடங்கு!

அடுத்தது தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டப்படும் இந்தக் கல்கரைகள் ஓடுகிற மணலைப் பிடித்துவைக்கும். பொதுவாக இரண்டு வளைவுகளுக்கு இடையே, ஒன்றன் நீளத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு தூரம் விடுவார்கள். வடக்கே போகப்போக நீளத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். திடீரென்று நிறுத்தினால், கடைசி வளைவுக்கு வடக்கே இருக்கும் குப்பம்தான் அடுத்து அரிக்கும். அவர்கள் வந்து தங்களுக்கும் ஒரு வளைவு கேட்பதில் என்ன தவறு? கட்டும்போதே இடைவெளிகளை வெளி மணலால் நிரப்பிவிட்டால், ஓடுகிற மணலை வளைவுகள் அதிகம் பறிக்காது. செலவை மிச்சம் பிடிக்க இந்த வேலையைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அந்த மிச்சத்துக்கான விலையை வடக்கே இருப்பவர் வீட்டை இழந்து கொடுக்கிறார்.

மூலக் காரணத்தைத் தொடும் தீர்வு ஒன்றுதான்: தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்ப்பது. ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டில் 1986 முதல் நிலையான பம்புகள் முகத்துவாரத்தின் ஒரு பக்கத்து மணலை மறுபக்கம் அனுப்புகின்றன. விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தூர்வாரும் மணலையே கடற்கரைக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொட்டும் மணலின் பருமன் அந்தக் கரையின் மணலுக்குச் சமமாகவோ சற்றுப் பெரிதாகவோ இருக்க வேண்டும். நைசானது சீக்கிரம் கரைந்துவிடும். சேறு கலந்திருந்தால் மீன்வளம் கெடும். ஒருமுறை கொட்டினால் தீர்ந்துவிடாது. துறைமுகம் இருக்கும் காலமெல்லாம் ஆண்டுச் செலவாகவே இதை எழுதி வைக்க வேண்டும்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கரைமணலை இழுத்துக் கடலடித் திட்டாகச் சேர்த்துவைக்கும்; கடல் அமைதியானதும் அதில் பெரும்பகுதி கரையேறும். நவம்பரில் அளந்ததை மே மாதக் கணக்கோடு ஒப்பிட்டால் அரிப்பு இல்லாத கரைகூட அரித்ததாகத் தெரியும். அசையாத ஒரு கல்லைக் குறித்துவைத்து, ஆண்டுதோறும் அதே மாதத்தில், ஓதத்தின் (கடல்மட்டம் ஏறி இறங்குவதன்) அதே நிலையில், அங்கிருந்து நீர்விளிம்பு வரை அளந்து எழுதி வாருங்கள். குப்பத்து இளைஞர்கள் ஒரு நாடாவும் நோட்டும் வைத்துக்கொண்டே இதைச் செய்ய முடியும்.