காசே வாங்காத ஆப்புக்கு 213 கோடி அபராதம் ஏன்?

[திரையில்: 2021-இல் வந்த வாட்ஸ்அப் அறிவிப்பு. 'ஏற்கிறேன்' பட்டன் பெரிதாகிறது.]

குரல்: 2021 ஜனவரியில் இந்த அறிவிப்பு உங்கள் போனுக்கும் வந்திருக்கும். புதிய தனியுரிமைக் கொள்கையை ஏற்றால்தான் வாட்ஸ்அப். 2016-இலும் இப்படி ஒரு மாற்றம் வந்தது. ஆனால் அப்போதைய பயனர்கள், விளம்பரத்துக்காக ஃபேஸ்புக்குக்குத் தரவு போவதை 30 நாளுக்குள் மறுத்துவிட முடிந்தது. 2021-இல் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். வழக்கு முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

சந்தையில் நிறுவனங்களுக்கு இடையே நியாயமான போட்டி இருக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் தானாகவே முன்வந்து, மார்ச் 24 அன்று விசாரணைக்கு உத்தரவிட்டது. அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம், பிறகு உச்ச நீதிமன்றம் என்று போனது, வாட்ஸ்அப்புக்கும் ஃபேஸ்புக்குக்கும் சொந்தக்கார நிறுவனமான மெட்டாவின் தரப்பு. 2022 அக்டோபரில்தான் அந்தச் சண்டை ஓய்ந்தது.

[திரையில்: இரண்டு வட்டங்கள். 'மெசேஜிங் ஆப்கள்', 'ஆன்லைன் டிஸ்ப்ளே விளம்பரம்'.]

இந்த மாதிரி வழக்குகளில் முதல் சிக்கல், எது சந்தை என்பது. எல்லையை அகலமாக வரைந்தால் எவ்வளவு பெரிய நிறுவனமும் அதில் சின்னதாகத் தெரியும். ஆணையம் இரண்டு சந்தைகளை வரைந்தது: இந்தியாவில் ஸ்மார்ட்போன் மெசேஜிங் ஆப்கள் ஒன்று, இணையதளங்களிலும் ஆப்களிலும் படமாகவோ வீடியோவாகவோ தெரியும் ஆன்லைன் டிஸ்ப்ளே விளம்பரம் இன்னொன்று. முதல் சந்தையில் மெட்டாவுக்கு ஆதிக்கம் இருப்பதாக முடிவு செய்தது. டெலிகிராம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அதிலிருந்து வாட்ஸ்அப்புக்கு ஒரு மெசேஜ் அனுப்ப முடியாது. பள்ளிக் குரூப்பும் குடும்பக் குரூப்பும் வாட்ஸ்அப்பில் இருக்கும்வரை, நீங்கள் மட்டும் கிளம்பிப் போய்ப் பயனில்லை.

ஆதிக்கம் இருப்பது குற்றமில்லை. அதைத் தவறாகப் பயன்படுத்தினால்தான் போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு பாயும். விலையே இல்லாத சேவையில் அதை எப்படிக் காட்டுவது? தனியுரிமையைச் சேவையின் தரமாக எடுத்துக்கொண்டார்கள். போட்டியில்லாத துணிச்சலில் தரத்தைக் குறைப்பதும் விலையை ஏற்றுவதும் ஒன்றுதான் என்பது வாதம். உங்கள் மெசேஜில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதாக இங்கே குற்றச்சாட்டு இல்லை. போன் நம்பர், சாதன விவரம், வணிகக் கணக்குகளோடு நீங்கள் பேசும் விதம் போன்றவைதான் பேச்சு.

[திரையில்: 18 நவம்பர் 2024 — ரூ. 213.14 கோடி]

ஆணையம் மெட்டாவுக்குப் போட்ட அபராதம் இது. அதை விடக் கனமானது கூடவே வந்த தடை: வாட்ஸ்அப் தரவை விளம்பரத்துக்காக மெட்டாவின் மற்ற நிறுவனங்களோடு 5 ஆண்டுகளுக்குப் பகிரக் கூடாது. 2025 ஜனவரியில் தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை நிறுத்திவைத்தது. நவம்பரில் ரத்தே செய்துவிட்டது. மறுக்கும் உரிமை பயனர் கைக்குத் திரும்பிய பிறகு தடைக்கு வேலையில்லை என்பது அதன் கணக்கு. ஒரு சந்தையின் பலத்தை இன்னொன்றில் காட்டினார்கள் என்ற குற்றச்சாட்டும் விழுந்தது, வாட்ஸ்அப்பும் மெட்டாவும் சட்டப்படி தனித்தனி நிறுவனங்கள் என்ற காரணத்தால். தரவு ஒரே குடும்பத்துக்குள் ஓடும்போது இந்தப் பிரிவினை கொஞ்சம் காகிதப் பிரிவினையாகத்தான் படுகிறது. அபராதம் மட்டும் ரத்தாகாமல் நிலைத்தது.

[திரையில்: செட்டிங்ஸ் பக்கத்தின் மாதிரி வரைபடம்]

ஆணையம் விதித்ததில் மிஞ்சியிருக்கும் நிபந்தனைகள் நடைமுறை சார்ந்தவை. எந்தத் தரவு எந்த நோக்கத்துக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பகிர மறுத்தாலும் சேவை கிடைக்க வேண்டும். முடிவை எப்போது வேண்டுமானாலும் மாற்ற, செட்டிங்ஸில் கண்ணில் படும் இடம் வேண்டும். இவை விளம்பரப் பயன்பாட்டுக்கும் பொருந்தும் என்று 2025 டிசம்பரில் தீர்ப்பாயம் தெளிவுபடுத்தியது.