பெரியமாமாவின் பெயர்

(கொழும்பு வெள்ளவத்தையில், தவக்கால மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

அன்பான சகோதர சகோதரிகளே,

என் அம்மாவிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது, தான் ஜெபிக்கிறவர்களின் பெயர்களை எழுதிவைக்கும் கொப்பி. மட்டை இரண்டு தடவை கிழிந்து ஒட்டியது. விடிய நாலரைக்கு எழும்பி, தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டும் முன்னரே அதைத் திறந்துவிடுவார். முதல் பக்கத்தில் முதல் பெயர் அவருடைய அண்ணனுடையது. என் பெரியமாமா. நெற்றி நிறையத் திருநீறு பூசாமல் வெளியே இறங்காத மனுசன். ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் நாளில் காலி வீதியில் அவரைக் காணலாம்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. விசுவாசத்தில் அனலாய் இருந்த காலம். மாமா வீட்டில் சாப்பாட்டுக்கு முன் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். "இந்த வீட்டின் இருளை நீக்கும் ஆண்டவரே" என்று தொடங்கி, அவருக்கு உறைக்கட்டும் என்றே நீட்டி முழக்கினேன். கண் திறந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. மாமி தலை குனிந்து நின்றார். மாமா ஒன்றும் பேசாமல் கறிச்சட்டியை எடுத்து முதலில் எனக்குப் பரிமாறினார். ஆண்டவரைச் சாட்டி மாமாவுக்கு ஏசியிருந்தேன். ஜெபம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா கொப்பியை என் மடியில் வைத்தார். மாமாவின் பெயருக்குக் கீழே வருடக்கணக்காகச் சின்ன எழுத்தில்: முழங்கால் நோ. மகளின் விசா. கடை வாடகை. மாமியோடு கோபம். நித்திரை இல்லை. நடுநடுவே, "ஆண்டவரே, அண்ணாவுக்கு உம்மைக் காட்டும்." அந்த ஒரு வரியைக் கேட்கும் உரிமையை மற்ற வரிகள்தான் அம்மாவுக்குக் கொடுத்தன என்று நினைக்கிறேன். ஒருவரின் முழங்கால் நோவு தெரியாதவனுக்கு அவருடைய ஆத்துமாவைப் பற்றிப் பேச என்ன அவசரம்?

ஜெபிக்கிற தாய் என்றதும் திருச்சபை மோனிக்காவைத்தான் நினைக்கும். அவருடைய மகன் அகுஸ்தீன் வட ஆபிரிக்காவில், தகாஸ்தே என்ற ஊரில் 354இல் பிறந்தவர். மகன் மனிக்கேயர் என்ற வேற்று மதக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டான் என்று தாய் ஒரு ஆயரிடம் போய், அவனோடு வாதாடித் திருத்துங்கள் என்று மன்றாடுகிறார். ஆயர் மறுத்துவிடுகிறார், அவனை விடு, அவனுக்காக ஜெபி என்கிறார். பிறகு மகன் ரோமுக்குப் போகப் புறப்படுகிறான். போகக்கூடாது என்று தாய் கார்த்தேஜ் துறைமுகம் வரை பின்னாலேயே வருகிறார். நண்பனை வழியனுப்ப வந்தேன் என்று பொய் சொல்லி, கரையோரத்துச் சிற்றாலயமொன்றில் அவரை இரவு தங்கவைத்துவிட்டு, மகன் கப்பலேறுகிறான். தாய் அந்த இரவு முழுவதும் அழுது கேட்டது ஒன்றே: அவன் போகக்கூடாது. கப்பல் போய்விட்டது.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். அவர் தடுக்கக் கேட்ட அதே பயணத்தில்தான் மகன் இத்தாலியை அடைந்து, மிலானில் ஆயர் அம்புரோஸைச் சந்தித்து, 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில் தாய் ஒஸ்தியாவில் கண்மூடினார். கேட்ட வழி கிடைக்கவில்லை, கேட்ட மகன் கிடைத்தான். நாமோ ஆண்டவருக்கு ஆளையும் சொல்லி, பஸ் இலக்கத்தையும் சொல்லி, இறங்க வேண்டிய தரிப்பிடத்தையும் சொல்லுகிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் கதைக்க வேண்டும். "நீங்கள் ஆள் பிடிக்கிறீர்கள்" என்று நம்மைச் சொல்கிறார்கள். 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றம் வரை வந்தது. அந்தக் கோபம் முழுவதும் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். பசித்தவன் கையில் அரிசிப் பையைக் கொடுத்து மறுகையில் சபையில் சேரும் அட்டையை நீட்டியவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். அரிசி கொடுங்கள், அட்டை வேண்டாம். அவன் பெயரைக் கொப்பியில் எழுதுங்கள்.

கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குச் செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். பொட்டு வைத்த அம்மாமார், சிங்களப் பௌத்தக் குடும்பங்கள், எல்லாரும் மெழுகுதிரியோடு நிற்பார்கள். அவர்களும் ஜெபிக்கத் தெரிந்தவர்கள், நம்மில் சிலரைவிட நன்றாகவே. அவர்களுக்காக ஜெபிக்கிறவன் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நின்றுதான் ஜெபிக்க முடியும்.

அதே ஆலயத்தில்தான் 2019 ஏப்ரல் 21 காலை குண்டு வெடித்தது. அன்றைக்குப் பிறகு பல மாதம், செய்தவர்களின் கூட்டத்துக்காக ஜெபிக்க என் வாய் திறக்கவில்லை. வேதாகமத்தில், கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானை வாசித்தபோதுதான் திறந்தது. கல்லெறிந்தவர்களுக்காக அவர் முழந்தாளிட்டுக் கேட்டபோது, அவர்களுடைய வஸ்திரங்களுக்குக் காவலாக நின்ற வாலிபன் சவுல், பின்னாளில் பவுல். ஸ்தேவான் ஜெபித்திராவிட்டால் திருச்சபைக்குப் பவுல் கிடைத்திருக்கமாட்டார் என்று பிற்காலத்தில் பிரசங்கித்தவர் யார் தெரியுமா? மோனிக்காவின் மகன்.

மாமாவுக்கு இப்போது எண்பத்தொரு வயது. இன்னும் திருநீறுதான், இன்னும் வேல்தான். போன கிழமை இரவு அம்மாவுக்குக் கோல் எடுத்தார். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"தங்கச்சி, நாளைக்குக் கண் ஒப்பரேஷன். உன்ர கொப்பியில எழுதிட்டியா?"

"இப்ப எழுதுறன் அண்ணா."

"பெரிசா எழுது. பயமாக் கிடக்கு."

அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன்.