ரயில்ல பணம் போட்டவங்க எதுக்கு ஊர் கட்டினாங்க? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த சந்தேகம். கொஞ்சம் பெருசு, படிச்சுடறேன். "அமெரிக்காவோட மேற்குப் பக்கம் ஆளே இல்லாத இடத்துல ரயில் போட்டாங்கன்னு போன வீடியோவுல சொன்னீங்க. ஆளே இல்லைன்னா டிக்கெட் யார் வாங்குவா? எந்த தைரியத்துல அந்த கம்பெனியில பணம் போட்டாங்க?"

சரியான இடத்துல பிடிச்சிருக்கீங்க. முதல்ல ஒரு திருத்தம், "ஆளே இல்லாத"ன்னு நான் சொன்னது தப்பு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

டிக்கெட்டை நம்பி யாரும் பணம் போடலைங்க. நிலத்தை நம்பிப் போட்டாங்க. எல்லா கம்பெனியையும் இழுத்தா விடிஞ்சுடும், நார்தர்ன் பசிபிக் ஒண்ணை மட்டும் எடுத்துக்கறேன். சுப்பீரியர் ஏரியில ஆரம்பிச்சு பசிபிக் கடல் வரைக்கும் போற வடக்குப் பாதை. 1864-ல லிங்கன் கையெழுத்துப் போட்ட சட்டம். அந்த சட்டம் கம்பெனிக்கு ரொக்கமா ஒரு டாலர் கூட கொடுக்கலை. நிலம் கொடுத்துச்சு. ஒரு சதுர மைல் ஒரு கட்டம், அதாவது 640 ஏக்கர். பாதைக்கு ரெண்டு பக்கமும் சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் பிரிச்சு, ஒண்ணு விட்டு ஒண்ணு கம்பெனிக்கு. மாநிலமா ஆன பகுதியில மைலுக்கு 20 கட்டம், இன்னும் மாநிலமா ஆகாத பகுதியில மைலுக்கு 40. பெருக்கிப் பாருங்க, ஒரு மைல் தண்டவாளம் போட்டா 25,600 ஏக்கர்!

ஆனா அந்த நிலத்தை யார் வாங்குவா? ரயில் வந்தாத்தான் நிலத்துக்கு விலை. ரயில் போடணும்னா பணம் வேணும். பணத்துக்கு நிலத்தை விக்கணும். இந்த முடிச்சை அவிழ்க்கிறேன்னு வந்தவர்தான் ஜே குக். ஃபிலடெல்ஃபியா பேங்கர். அமெரிக்காவுல வடக்கும் தெற்கும் மோதின உள்நாட்டுப் போர் நடந்தப்ப வடக்கு அரசாங்கத்துக்காக ஊர் ஊரா ஏஜென்ட் வெச்சு, சாதாரண ஜனங்ககிட்ட கடன் பத்திரம் வித்தவர். அதே வித்தையை ரயிலுக்கும் காட்டினார். வட்டி 7.3 சதவீதம். என்ன இப்படி ஒரு கணக்குன்னு பார்த்தா, நூறு டாலருக்கு ஒரு நாளைக்கு ரெண்டு சென்ட். அதை வருஷத்துக்குப் பெருக்கினா ஏழு டாலர் முப்பது சென்ட். பள்ளிக்கூடம் போகாதவங்களுக்கும் புரியும். கெட்டிக்காரர்தான்.

விளம்பரமும் அப்படித்தான். மினசோட்டா, டகோட்டா பக்கம் குளிர்காலத்துல மூச்சு விட்டா மீசையில பனி உறையும். அதைப் போய் இதமான பூமின்னு எழுத வெச்சார். ஜனங்க அதுக்கு "ஜே குக்கோட வாழைப்பழ நாடு"ன்னு பேர் வெச்சுச் சிரிச்சாங்க. 1871 ஜனவரியில கென்டக்கி உறுப்பினர் ப்ராக்டர் நாட், ஏரிக்கரையில இருக்கிற டுலூத் ஊரை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்ல கிழிகிழின்னு கிழிச்சார். அதுல வேடிக்கை என்னன்னா, அந்தப் பேச்சாலயே டுலூத் பேர் நாடு பூரா பரவிடுச்சு. பக்கத்துல ஒரு ஊருக்கு அவர் பேரையே வெச்சுட்டாங்க. இன்னைக்கும் அது ப்ராக்டர்தான்.

சரி, ஊர் விஷயத்துக்கு வருவோம். ஏக்கர் கணக்குல வித்தா ஒரு விலை. அதே நிலத்துல மனைக்கல் நட்டு, ஸ்டேஷனுக்கு எதிர்ல இது மெயின் ரோடு, இது கார்னர் மனைன்னு வித்தா வேற விலை. ஸ்டேஷன் எங்க வரப்போகுதுன்னு யாருக்கு முதல்ல தெரியும்? கம்பெனி டைரக்டர்களுக்கு. அதனால 1870-ல லேக் சுப்பீரியர் அண்ட் பியூஜெட் சவுண்ட்னு தனியா ஒரு நிலக் கம்பெனியை ஆரம்பிச்சாங்க. ஊர் வரப்போற இடத்தை வளைக்கிறதுதான் அதோட வேலை. நடத்தினவங்க ரயில் கம்பெனியோட உள்ஆளுங்க. பத்திரம் வாங்கின ஜனங்க காசுல தண்டவாளம் ஓடும், அது நிக்கிற இடத்துல இவங்க மனை விப்பாங்க. எனக்கு இதைக் கூட்டுக்களவுன்னு சொல்லத்தான் தோணுது.

மேப்பை எடுத்துப் பாருங்க, ஊர்ப் பேரெல்லாம் முதலாளிங்க பேர்தான். ரெட் ரிவருக்கு இந்தக் கரை மூர்ஹெட், குக்கோட மைத்துனர், கூட்டாளி. அந்தக் கரை ஃபார்கோ, வெல்ஸ் ஃபார்கோங்கிற கம்பெனியோட ஃபார்கோதான், ரயில் கம்பெனியிலயும் டைரக்டர். மொன்டானாவுல 1882-ல வந்த பில்லிங்ஸ், கம்பெனித் தலைவரா இருந்த ஃப்ரெடரிக் பில்லிங்ஸ். எட்வின்டன்னு ஒண்ணு இருந்துச்சு, சீஃப் இன்ஜினீயர் பேர்ல. 1873-ல அதை அழிச்சுட்டு பிஸ்மார்க்னு மாத்தினாங்க. ஜெர்மனியோட தலைமை அமைச்சர் பிஸ்மார்க் பேர்தான் அது. அவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஜெர்மன்காரங்க பணம் போடுவாங்களேன்னுதான்!

போடலை. இப்ப அந்த "ஆளே இல்லாத" விஷயம். பிஸ்மார்க்கைத் தாண்டி மேற்க போனா அது லகோட்டாங்கிற பூர்வகுடி மக்கள் வேட்டையாடி வாழ்ந்த பூமி. கம்பெனிக்கு அரசாங்கம் தாரை வார்த்த கட்டங்கள்ல அவங்க காலங்காலமா இருந்த மண்ணும் அடக்கம். யெல்லோஸ்டோன் ஆத்துப் பக்கம் அளக்கப் போன சர்வேயர்களோட பட்டாளமும் போச்சு. 1872-லயும் 1873-லயும் லகோட்டா தலைவர் சிட்டிங் புல்லோட ஆளுங்க எதிர்த்து நின்னாங்க. 73-ல பட்டாளத்தோட போனதுல ஒருத்தர் கஸ்டர்ங்கிற ராணுவ அதிகாரி. இந்தச் செய்தி பேப்பர்ல வந்தா பத்திரம் எப்படி விக்கும்? பத்திரம் தேங்கிப்போச்சு, குக் தன் பேங்க் பணத்தையே ரயில்ல கொட்டினார். 1873 செப்டம்பர் 18, பேங்க் கதவைச் சாத்திட்டாங்க. ரெண்டு நாள்ல நியூயார்க் பங்குச்சந்தையையே மூடினாங்க. பத்து நாள் திறக்கலை. தண்டவாளம் பிஸ்மார்க்லயே வருஷக்கணக்கா நின்னுச்சு. டுலூத்துக்கு 1877-ல நகரம்ங்கிற அந்தஸ்தே போச்சு.

ஆக, யாருக்கு லாபம்? கூட்டத்தோட பத்திரம் வாங்கின சின்ன ஆளுங்க தலையில துண்டு. ஆனா அந்தப் பத்திரத்தைக் கொடுத்து கம்பெனி நிலத்தை எடுத்துக்கலாம்னு ஒரு வழி இருந்துச்சு. சந்தையில பத்திரம் விலை கிடையாது, நிலத்துக்குக் கொடுத்தா மதிப்பு உண்டு. கம்பெனித் தலைவர் ஜார்ஜ் காஸ், டைரக்டர் செனி, ரெண்டு பேரும் தங்கள் பத்திரத்தைக் கொடுத்து ஃபார்கோ பக்கத்துல ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுத்து, டால்ரிம்பிள்ங்கிறவரை வெச்சு கோதுமை போட்டாங்க. விளைஞ்சுது பாருங்க! அந்தக் கோதுமையைக் காட்டித்தான் அப்புறம் கம்பெனி நிலம் வித்துச்சு. அங்கயும் ஒரு ஊர், பேர் காசல்டன். யார் பேர்னு சொல்லணுமா?

குடியேறினது யாருன்னா, ஜெர்மனி, ஸ்வீடன், நார்வேன்னு ஏஜென்ட் வெச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. வந்த குடும்பம் நிலம் பார்க்கிற வரைக்கும் தங்கறதுக்கு டுலூத், ப்ரெய்னெர்ட் மாதிரி இடங்கள்ல கம்பெனியே விடுதி கட்டி வெச்சிருந்துச்சு.

ஏற்கெனவே இருந்த ஊர்களோட கதி இன்னும் மோசம். பசிபிக் பக்கத்துக் கடைசி ஸ்டேஷன் எங்களுக்கு வேணும்னு சியாட்டில்காரங்க மனை, நிலம், பணம்னு தட்டுல வெச்சு நீட்டினாங்க. 1873-ல கம்பெனி டகோமாவைத் தேர்ந்தெடுத்துச்சு, ஏன்னா அங்க நிலம் கம்பெனி கையில. பெரிய ஊருக்குப் போனா மனை லாபம் ஊர்க்காரனுக்குல்ல போகும்!

இதுல உச்சம் வாஷிங்டன் பகுதியில இருந்த யாக்கிமா சிட்டிங்கிற ஊர். 1884-ல ரயில் அங்க வந்தப்ப கம்பெனி ஸ்டேஷன் கட்ட மாட்டேன்னுடுச்சு. நாலு மைல் தள்ளி, சொந்த நிலத்துல, வடக்கு யாக்கிமான்னு புதுசா ஊர் போட்டு, அங்க வர்றவங்களுக்கு மனை இலவசம்னு அறிவிச்சாங்க. ஜனங்க என்ன பண்ணுவாங்க? வீடு, கடை, ஹோட்டல்னு நூத்துக்கும் மேல கட்டடங்களை அடியில உருளை கொடுத்து, குதிரை கட்டி அப்படியே இழுத்துட்டுப் போனாங்க. வடக்கு யாக்கிமா 1918-ல 'வடக்கை' விட்டுட்டு யாக்கிமான்னு ஆயிடுச்சு. பழைய ஊருக்கு அந்தப் பேரும் மிஞ்சலை, இப்ப யூனியன் கேப்.