தலைக்குள் ஒரு புட்வால்வு

நேயர்களுக்கு வணக்கம்.

கிணற்றுப் பாசனக்காரர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், இன்றைய சங்கதியில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. குழாயின் அடிமுனையில் இருக்கும் புட்வால்வு பிடிக்கவில்லை என்போம். எங்கள் தோட்டத்தில் அப்பா சாணியைக் கரைத்துப் பம்பின் வாயில் ஊற்றுவார். அது கீழே போய் வாசர் இடுக்கை அடைக்கும், குழாயில் தண்ணீர் நிற்கும், மோட்டார் இழுக்கும். அதற்கும் மசியாவிட்டால் கிணற்றில் இறங்க வேண்டியதுதான். வால்வைக் கழற்றினால் உள்ளே ஒரு வேப்பங்குச்சி சிக்கியிருக்கும். விரலளவு குச்சிக்கு ஒரு நாள் பாசனம் போய்விடும்.

மேலே போகலாம், கீழே இறங்கக் கூடாது. புட்வால்வின் வேலை அவ்வளவுதான். இதையே ஒரு குழந்தையின் தலைக்குள் செய்யச் சொன்னால்?

நம் மூளைக்குள்ளும் அதைச் சுற்றியும் சுமார் 150 மில்லி நீர் இருக்கிறது. நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவுக்குப் புதிதாகச் சுரக்கிறது, அதே அளவு வடிகிறது. வடியும் வழி அடைபட்டால் பச்சைக் குழந்தையின் தலை பெருத்துக்கொண்டே போகும். அந்த நீரை ஒரு குழாய் வழியாக இதயத்தை நோக்கி இறக்கிவிடலாம். ஆனால் இரத்தம் எதிர்த்து ஏறிவரக் கூடாதே!

1955-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜான் ஹோல்ட்டர் என்ற தொழிற்சாலை டெக்னீஷியனுக்குப் பிறந்த மகன் கேஸிக்கு இந்த நோய். பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் மூளை அறுவை மருத்துவர் யூஜின் ஸ்பிட்ஸ், சரியான வால்வு இல்லாததுதான் சிக்கல் என்று அவரிடம் விளக்கினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருவர் ரப்பர் குழாயில் ஊசியைக் குத்தி மருந்து ஏற்றியதை ஹோல்ட்டர் கவனித்தார். ஊசியை உருவியதும் ஓட்டை தானாக மூடிக்கொண்டது. அப்படியானால் ரப்பரில் ஒரு கீறல் போதுமே! உள்ளிருந்து அழுத்தம் வந்தால் திறக்கும், குறைந்தால் மூடும். ரப்பர் சரிவராமல் சிலிக்கோனுக்கு மாறினார். 1956-லேயே அந்த வால்வு நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனையோ பேர் அந்த ஊசியைப் பார்த்திருப்பார்கள். வால்வைக் கண்டது பட்டறைக் கண்.

அந்தக் கீறலுக்கும் ஒரு வேப்பங்குச்சி இருந்தது. 1960 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு டாக்சி குழந்தை வண்டியில் மோதியது. உள்ளே இருந்தவன் நான்கு மாதக் குழந்தை தியோ, எழுத்தாளர் ரோல்ட் டாலின் மகன். அடிபட்ட தலையில் நீர் கோத்தது. ஹோல்ட்டர் வால்வு வைத்தார்கள். காயம்பட்ட மூளையின் கசடு கீறலில் போய் அடைக்க, மறுபடி மறுபடி அறுவை. அடைக்கும்போதெல்லாம் பிள்ளைக்கு வலி, காய்ச்சல், கண்பார்வைகூட மங்கியது.

டாலுக்கு அப்போது ஒருவர் நினைவுக்கு வந்தார். ஸ்டான்லி வேட், ஹைட்ராலிக் பொறியாளர். பொம்மை விமான எஞ்சின் செய்வது அவருடைய பொழுதுபோக்கு. அடைத்துக்கொள்ளாத குட்டி எரிபொருள் பம்பு செய்வதில் கெட்டிக்காரர். லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனையில் தியோவைப் பார்த்த மருத்துவர் கென்னத் டில் மூன்றாவது ஆள். 1962-இல் வால்வு தயார். சிலிக்கோன் குழாயின் முனைகளில் சின்னஞ்சிறு உலோகத் தகடுகள். மேலிருந்து நீர் தள்ளினால் விலகும், கீழிருந்து தள்ளினால் படிந்து மூடும். புட்வால்வின் தட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்றே சொல்வேன். லாபம் எடுப்பதில்லை என்று மூவரும் முடிவு செய்துகொண்டார்கள்.

கேஸி ஐந்து வயது வரைதான் இருந்தான். தியோவோ, வால்வு கைக்கு வருவதற்குள் தானே தேறிவிட்டான். அப்பா செய்வித்த வால்வு அவன் தலைக்கு ஏறவே இல்லை. சுமார் 3,000 வேறு குழந்தைகளுக்கு அதைப் பொருத்தினார்கள்.

நன்றி, வணக்கம்.