திருப்புளியின் முனையைப் பாருங்கள்

அன்பு நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் மின்பழுது பார்த்தே 20 வருஷத்தை ஓட்டியவன் நான். கையால் பிடித்து வேலை செய்கிற சாமான்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். டிரில்லிங் மெஷின் வேறு கதை.

என்னிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், "அண்ணே, 12 வெள்ளிக்கு 30 சாமான்!" என்று ஒரு பெட்டியைக் காட்டினான். அன்று சாயங்காலமே மின்பெட்டியில் ஒரு பிரேக்கரின் ஸ்க்ரூ தலை மழுங்கிப் போனது. ஸ்க்ரூ சரியில்லை என்றான். திருப்புளியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஸ்டார் முனையின் நான்கு விளிம்பும் உருண்டு கிடந்தன.

அதோடு, முனையே தப்பு. ஸ்டார் என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. பிலிப்ஸ் முனை சரிவாக இருக்கும், பலமாகத் திருகினால் மேலே ஏறி வழுக்கும். பிரேக்கர்களில் பெரும்பாலும் போசிடிரைவ். ஸ்க்ரூ தலையில் கூட்டல் குறிக்கு நடுவே நான்கு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அதுதான். அதற்கேற்ற முனையைச் செருகினால் ஆட்டமே இருக்காது.

"குரோம் வனேடியம்னு போட்டிருக்கே அண்ணே?" என்றான். அது எஃகின் பெயர், அவ்வளவுதான். சூடாக்கிக் குளிரவைத்துப் பதப்படுத்திய விதத்தில்தான் உறுதி இருக்கிறது. அதை யாரும் அச்சடித்துக் காட்ட முடியாது.

பிளையர் வாங்கும்போது இரு பிடிகளும் சேரும் மூட்டுப் பகுதியைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லொடலொடத்தால் வேண்டாம். வயர் கட்டர் என்றால் பையிலிருக்கும் ரசீதை நுனியில் வைத்து வெட்டுங்கள். துண்டாக விழவேண்டும், மடிந்து நிற்கக் கூடாது. ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளுக்கு நான் இன்னமும் நேரில் போவது இதற்காகத்தான். பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதை எப்படி அசைத்துப் பார்ப்பது?

மின்வேலைக்கு இன்னொன்று. பிடியில் ரப்பர் இருந்தால் ஷாக் அடிக்காது என்று நம்பிவிடாதீர்கள். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கிறதா, மின்வேலைக் கைக்கருவிகளுக்கான ஐஇசி 60900 என்ற அனைத்துலகத் தரத்துக்குச் செய்ததா என்று பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான், ஆனாலும் ஆளைக் கொல்ல அது போதும். குறி இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும்.

சம்பளத்தில் பாதியை இதில் போடச் சொல்லவில்லை. போசிடிரைவ் ஒன்று, பிலிப்ஸ் ஒன்று, ஒரு பிளையர். இவை மூன்றும் முதல் தரமாக இருக்கட்டும். சுத்தியல், அளவு டேப் எல்லாம் மலிவாக வாங்கினாலும் சமாளிக்கலாம். அப்புறம், நம் ஊர் ஈரக்காற்றுக்கு எந்த எஃகும் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடை.

அந்த 30 சாமான் பெட்டியைத் தம்பி இன்னும் வைத்திருக்கிறான். அதிலிருக்கும் தட்டை முனைத் திருப்புளி, பெயிண்ட் டப்பா மூடியை நெம்ப நன்றாகவே உதவுகிறது.