11.3 செ.மீ. புனல் கிடைத்துவிட்டது மக்களே!

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஒரு சந்தோஷம், ஒரு கோபம், இரண்டுமே இருக்கிறது. சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். புனல். மழையை அளப்பதற்கு நீலக் கலர் பிளாஸ்டிக் புனல், நாற்பது ரூபாய். இதற்குப் போய் ஒரு வீடியோவா என்று கேட்காதீர்கள், இதைத் தேடி நான் அலைந்தது உங்களுக்கே தெரியும். போன வீடியோவில் பாரிமுனைக் கடையில் மழைமானி விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தேன் இல்லையா, அதற்கு அடுத்த கதை இது.

இதன் வாய் விட்டம் சரியாக 11.3 செ.மீ. அந்த அளவுதான் வேண்டும் என்று ஏன் பிடிவாதம் பிடித்தேன் என்றால், விட்டம் 11.3 இருந்தால் வாயின் பரப்பு 100 சதுர செ.மீ. வந்துவிடும். ஒரு மி.மீ. மழை என்பது, எங்கேயும் ஓடாமல் வடியாமல் விழுந்த இடத்திலேயே நின்றால் ஒரு மி.மீ. உயரம் நிற்கும் தண்ணீர். அப்படியென்றால் இந்தப் புனலில் ஒவ்வொரு மி.மீ. மழைக்கும் 10 மி.லி. தண்ணீர் இறங்கும். கால்குலேட்டரே வேண்டாம். புனலுக்கு அடியில் வைக்கிற கேனில் 350 மி.லி. இருந்தால் 35 மி.மீ. மழை, அவ்வளவுதான். தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு புனலாக அளந்தேன். கடைக்கார அண்ணன், "எதுக்கு பாப்பா, எண்ணெய் ஊத்தவா, மண்ணெண்ணெய் ஊத்தவா?" என்றார். மழை ஊத்த அண்ணே என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார், அப்புறம் அவரே உள்ளே போய்ப் பழைய மூட்டையைப் பிரித்து இதை எடுத்துக் கொடுத்தார். அந்த அண்ணனுக்குப் பெரிய நன்றி.

கீழே இருப்பது ஐந்து லிட்டர் கேன். இதுவும் முக்கியம். சும்மா ஒரு லிட்டர் பாட்டிலை வைத்தால் 100 மி.மீ. மழையோடு நிரம்பி வழிந்துவிடும். வானிலை ஆய்வு மையக் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. டிவியில் இருபது சென்டிமீட்டருக்கு மேல் என்று சொல்கிறார்களே, அது இதுதான். நமக்கு உண்மையாகவே அளவு தெரிய வேண்டிய நாளில் இரண்டு லிட்டர் பாட்டில்கூடப் பத்தாது. ஐந்து லிட்டர் கேன் 500 மி.மீ. வரை தாங்கும்.

சரி, இப்போது கோபம். எங்கள் கல்லூரியில் காலநிலை மாற்றம் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள். முதல் பரிசு வாங்கிய போஸ்டரில் நடுவில் பெரிதாக என்ன படம்? 2004 சுனாமி. தலைப்பு, புவி வெப்பமடைதலின் விளைவுகள். எனக்குத் தலையே சுற்றியது மக்களே. புவியியல் படிக்கிற பிள்ளைகள் நாம், அதுவும் வட சென்னைக் கடற்கரையில் காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவில் வீடு வைத்துக்கொண்டு இருக்கிறவர்கள், சுனாமியைக் கொண்டுபோய் வெப்பத்தோடு சேர்க்கலாமா?

2004 டிசம்பர் 26 காலை ஏறக்குறைய ஆறரை மணிக்கு சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் நிலநடுக்கம், அளவு 9.1. ஒரு நிலத்தட்டு இன்னொன்றுக்கு அடியில் செருகி, பல காலம் சிக்கிக்கிடந்து, திடீரென்று விடுபட்டது. கார்பன் டை ஆக்சைடுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அலை சென்னைக்கு வர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது. எங்கள் ஆயா அன்றைக்குக் காசிமேட்டில் மீன் கூடையோடு நின்றவர், இன்றைக்கும் அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிடும். இரண்டரை மணி நேரம்! ஓடிப் போய் மேட்டில் ஏற எவ்வளவோ நேரம். ஆனால் அன்றைக்கு இந்தியப் பெருங்கடலுக்கென்று ஓர் எச்சரிக்கை அமைப்பே கிடையாது. அதன் பிறகுதான் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது, 2007-இல். அத்தனை பேர் செத்ததற்குக் காரணம் புவி வெப்பம் என்று போஸ்டர் ஒட்டினால், அந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். என் கோபம் அதுதான்.

இதே மாதிரிதான் கடலரிப்பும். எண்ணூர் விரைவுச் சாலையில் பைக்கில் போனால் வலது பக்கம் கல் கல்லாகக் கொட்டியிருக்கும், தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் சுவர், ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். இதையும் கடல் மட்டம் உயர்வதால் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நம் கரையோரம் மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை, வருடத்தில் அதிக மாதம் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் துறைமுகம் கட்டினோம். வருகிற மணல் தெற்குப் பக்கம் தேங்கியது, மெரினா அகலமானது. இந்தப் பக்கம் ராயபுரம் தொடங்கி வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை, கடல் உள்ளே வந்தது. இது நடந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. கடல் மட்டம் உயர்வது பொய் என்று நான் சொல்லவே இல்லை, 1901-இலிருந்து 2018-க்குள் உலகச் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, வேகமும் கூடிக்கொண்டே போகிறது. ஏற்கெனவே மணல் இழந்த கரையில் அந்த 20 செ.மீ.யும் சேர்ந்தால் யாருக்கு முதலில் வலிக்கும்? திருவொற்றியூர்க் குப்பங்களுக்குத்தான். ஆனால் துறைமுகத்தின் கணக்கைத் துறைமுகத்தின் பெயரில்தான் எழுத வேண்டும்.

அப்படியென்றால் காலநிலை மாற்றம் எங்கே வருகிறது? மழையில். இதை வகுப்பில் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் அது பிடித்து வைக்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். 1850-1900 காலத்தோடு பார்த்தால் 2011-2020-இல் உலகம் சராசரியாக 1.1 டிகிரி சூடாகிவிட்டது. அதாவது ஐப்பசி கார்த்திகையில் நம் தலைக்கு மேல் வருகிற மேகத்துக்குத் தாத்தா காலத்தைவிடக் கையில் சரக்கு அதிகம். அதை ஒரே ராத்திரியில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை மிக்ஜாம் புயலில் பார்த்தோம். ஒன்றை மறக்காதீர்கள், மிக்ஜாம் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. 2023 டிசம்பர் 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம் போய்க் கடந்தது. நமக்கு அருகே கடலில் மெதுவாக நகர்ந்த நேரத்திலேயே நம்மை மூழ்கடித்துவிட்டுத்தான் போனது. இங்கே கரையைக் கடக்காது என்று கேட்டவுடன் நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் விழுந்த மழை எங்கே நிற்கும் என்பதை மேகம் முடிவு செய்வதில்லை. பூண்டி ஏரியில் திறக்கிற உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் வந்து எண்ணூரில்தான் கடலில் சேர வேண்டும். புழல் ஏரி உபரி நீரும் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக அதே கழிமுகத்துக்குத்தான் வர வேண்டும். அந்தக் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. முகத்துவாரத்தில் மணல் அடைக்கிறது. புயல் நேரத்தில் கடலும் ஏறி நிற்கும், ஆற்றை உள்ளே விடாது. மிக்ஜாம் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் சேர்ந்து வந்து படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டதை நீங்களே பார்த்தீர்கள். மழை கூடியதற்கு உலகம் முழுக்கப் பொறுப்பு. சாம்பலுக்கும் எண்ணெய்க்கும் பொறுப்பு இங்கேயே, நம் ஊரிலேயே இருக்கிறது.

அட, முக்கியமான ஒன்றைச் சொல்லாமலே போகிறேன் பாருங்கள், புனலின் முதல் அளவு! போன வாரம் ராத்திரி பெய்ததே, அது. காலை எட்டரைக்கு மாடிக்கு ஓடினேன். எட்டரைதான் நேரம், வானிலை ஆய்வு மையமும் காலை 8.30-க்குத்தான் கணக்கை முடிக்கும். 710 மி.லி.! அப்படியென்றால் 71 மி.மீ., கனமழை. அம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள், நான் கத்திய கத்தில். அளவு ஜாடியைத் தனியாக வாங்கினேன், பிளாஸ்டிக், நூற்று இருபது ரூபாய். கண்ணாடி வாங்காதீர்கள், மாடிப்படியில் ஈரக் கையோடு அதைத் தூக்கிக்கொண்டு வருவதே பயம்.

அதே 71 மி.மீ.க்கு எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர், இரண்டு தெரு தள்ளி என் தோழி வீட்டு வாசல் காய்ந்து கிடக்கிறது. மழை ஒன்றுதான். எங்கள் தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, வீட்டு வாசற்படியைவிட ரோடு உயரமாகிவிட்டது. மழைநீர் வடிகாலின் வாயும் அந்த ரோட்டு மட்டத்துக்கு மேலே நிற்கிறது. ரோட்டுத் தண்ணீர் வடிகாலில் ஏறாமல் எங்கள் கூடத்துக்குள் வருகிறது. இதை எழுதித்தான் கொடுக்கப் போகிறேன், இத்தனை மி.மீ. மழைக்கு இந்தத் தெருவில் இத்தனை செ.மீ. தண்ணீர் என்று. வெறுமனே தண்ணீர் நிற்கிறது என்று சொன்னால், வரலாறு காணாத மழை என்று பதில் வரும். 71 மி.மீ. வரலாறு காணாத மழை கிடையாது.

அதனால் ஓர் உதவி வேண்டும். வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி, எர்ணாவூர், எண்ணூர் பக்கம் இருக்கிறவர்கள் ஒரு புனலும் கேனும் மாடியில் வையுங்கள். மரத்துக்கு அடியில் வேண்டாம், தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் ஒட்டியும் வேண்டாம், காற்றில் கேன் சாயாமல் இரண்டு செங்கல் அண்டை கொடுங்கள். 11.3 புனல் கிடைக்கவில்லை என்றால் கையில் கிடைத்த புனலின் விட்டத்தை எழுதி அனுப்புங்கள், கணக்கை நான் போட்டுத் தருகிறேன். காலை எட்டரைக்கு எடுத்த அளவு, தெருப் பெயர், அந்த நேரத்தில் தெருவில் நின்ற தண்ணீரின் உயரம், மூன்றும் வேண்டும். உயரத்தை முழங்கால், கணுக்கால் என்று எழுதாமல் ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள்.