எங்க பெஞ்ச்

மேடையில் வீற்றிருக்கும் சேகர குருவானவர் அவர்களே, அழைத்தவுடன் மறுக்காமல் வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, சபை மன்றப் பெரியவர்களே, விடியற்காலையிலிருந்து அசனச் சமையலில் நின்று இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத் தாய்மார்களே, பாடகர் குழுப் பிள்ளைகளே, அனைவருக்கும் ஆண்டவரின் நாமத்தில் ஸ்தோத்திரம். நம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையில் பேச எனக்கு இடம் கொடுத்த உபதேசியார் ஐயாவுக்குத் தனியாக நன்றி.

தாழ்மையைப் பற்றி மூன்று காரியங்கள் சொல்ல வந்தேன். நம்மிடம் இருக்கும் பெருமையை எப்படி அடையாளம் காண்பது, தாழ்மையில் எப்படி வளர்வது, அதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது. விளைந்த கதிர் தலை சாயும் என்று என் தாத்தா வரப்பில் நின்று சொல்வார். பதர்தான் நிமிர்ந்து நிற்கும்.

மிஷனெரி வில்லியம் கேரியை உங்களுக்குத் தெரியும். 1793ல் கல்கத்தா வந்து இறங்கியவர். வேதாகமத்தை வங்காளத்திலும் சமஸ்கிருதத்திலும் இன்னும் பல மொழிகளிலும் கொண்டுவந்தவர், வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியர். இங்கிலாந்தில் இருந்தபோது அவருக்குச் செருப்புத் தொழில். அவர் குடியிருந்த செராம்பூருக்கு நேர் எதிரே, ஹூக்ளி ஆற்றின் அக்கரையில் பாரக்பூர். அங்கே கவர்னர் ஜெனரல் விருந்து வைக்கிறார். நினைத்துப் பாருங்கள், எத்தனை பெரிய துரைமார்கள் கூடியிருப்பார்கள்! அதில் ஒரு ராணுவ அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கிறார், "இந்த டாக்டர் கேரி முன்னே செருப்பு செய்கிறவராக இருந்தவர்தானே?" அது கேரியின் காதில் விழுகிறது. நாமாக இருந்தால் முகம் கறுத்திருக்கும், இல்லையென்றால் கேட்காததுபோல நகர்ந்திருப்போம். அவர் நேரே முன்னால் வந்தார். "இல்லை ஐயா, செருப்பு செய்கிறவன்கூட இல்லை, கிழிந்ததைத் தைத்துக் கொடுத்தவன்" என்றார். விளைந்த கதிர், பாருங்கள்!

1834ல் அவர் இறந்தார். கல்லறையில் என்ன வெட்ட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார். பெயர், பிறப்பு, இறப்பு. தன்னை ஏழைப் புழு என்று சொல்லி ஆண்டவரின் கரத்தில் விழுகிற ஒரு பாட்டின் இரண்டு வரி. அதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று கட்டளை.

சரி, நம் ஆலயத்துக்கு வருவோம். தலையை நிமிர்த்தி மின்விசிறியைப் பாருங்கள். இறக்கைக்கு ஒரு பெயர், வாங்கிக் கொடுத்தவர் பெயர். பெஞ்சின் முதுகில் பெயர். குழல்விளக்கில், ஒலிபெருக்கியில், கைகழுவும் தொட்டியில்கூடப் பெயர்.

மூன்றாவது வரிசையில் இருப்பது என் அப்பா பெயர் எழுதிய பெஞ்ச். எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு ஞாயிறு, மழையில் நனைந்து வந்த ஒரு பாட்டி அதில் உட்கார்ந்துவிட்டார். "பாட்டி, எழும்புங்க, இது எங்க பெஞ்ச். பேரு போட்டிருக்கு" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பால் பெஞ்சில் இருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு, பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். அந்தத் தலைப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பெருமையை எப்படி அடையாளம் காண்பது என்றேனே, அதுதான். நம் இடத்தில் வேறொருவர் உட்காரும்போது நெஞ்சுக்குள் எழும்புகிறதே, அது.

கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகக் கொடுங்கள். "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்று ஆண்டவர் சொன்னார். நாமோ பெயின்டருக்குக் கூலி கொடுத்து ஊருக்கே அறிவிக்கிறோம். இரண்டு வருடமாக இதை மன்றத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு உங்கள் எல்லாரிடமும் கேட்கிறேன். விளைந்த கதிருக்குப் பெயர்ப்பலகை எதற்கு?

மற்ற இரண்டு காரியங்களுக்கும் நேரமில்லை, அசனப் பந்திக்கு மணி அடிக்கப்போகிறார்கள். புதிதாக வந்த பன்னிரண்டு மின்விசிறிகளும் பெட்டியோடு சாமான் அறையில் இருக்கின்றன. பெயர் எழுதப் பெயின்டர் சனிக்கிழமை வருகிறார். அவரை அந்தப் பக்கம் அனுப்பாமல், வார்னிஷ் டப்பாவோடு மூன்றாவது வரிசைக்கு அனுப்புங்கள். முதலில் என் அப்பா பெயரை அழிக்கட்டும். அம்மாவிடம் கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார்கள்.